வாயில்லாப் பெட்டி

எங்கள் ஆனைக்குட்டத்துப் பக்கம் வழி கேட்டால் இடது, வலது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். "நேரா மேக்க போயி, கலுங்கைத் தாண்டுனதும் தெக்க திரும்பு. அங்கிட்டு ஒரு வேப்பமரம் நிக்கும். அதுக்குக் கெழக்க ரெண்டாவது வீடு" என்பார்கள். கரண்டு போன ராத்திரியிலும் திசை தப்பாது. பந்தியில் "இலையைக் கொஞ்சம் வடக்க தள்ளிப் போடு" என்று அதட்டுகிற பெரியம்மா ஒருத்தி எங்கள் குடும்பத்திலேயே இருந்தாள். அப்படிப்பட்ட ஊர்க்காரனான என்னிடம்தான் 2002-இல், நாம் எங்கே நிற்கிறோம் என்று சொல்லும் கருவி ஒன்றை மலிவாகப் பார்த்து வாங்கி வரும்படி ஒப்படைத்தார்கள்.

ஒப்படைத்தது ஒரு தொண்டு நிறுவனம். அர்ச்சுனா நதிப் படுகையில் இருக்கிற கண்மாய்களைக் கணக்கெடுத்து, மராமத்துக்குப் பணம் கேட்பது அவர்கள் திட்டம். எங்கள் ஊர் அணையே அந்த நதியின் குறுக்கேதான் நிற்கிறது. விருதுநகர்க்காரர்கள் குடிக்கிற தண்ணீரில் எங்களுக்கும் பங்கு உண்டு. அணைக்குக் கீழே கோல்வார்பட்டியில் இன்னோர் அணை. அதற்கும் கீழே இருக்கன்குடி மாரியம்மன் கோயிலருகே நதி வைப்பாற்றோடு சேர்ந்துவிடும். இடையில் கண்ணில் படுகிற பள்ளமெல்லாம் கண்மாய்தான். ஒவ்வொன்றுக்கும் மடை எத்தனை, மிகுதி நீர் வழியும் கலுங்கு எங்கே, வரத்துக்கால் எந்தச் சீமைக் கருவேலங்காட்டுக்குள் காணாமல் போயிருக்கிறது என்று குறிக்க வேண்டும்.

இடம் குறிப்பது இந்த நாட்டில் பெரிய கைகளின் வேலையாக இருந்து வந்தது. கும்பினியின் நில அளவைக்காரர் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அடிவாரத்தில் சங்கிலியைப் போட்டு அடிக்கோடு அளக்கத் தொடங்கியது 1802 ஏப்ரல் 10-ஆம் தேதி. அவர் ஊர் ஊராகத் தூக்கிச் சுமக்கவைத்த தியோடலைட் என்ற அளவைக் கருவி அரை டன் எடை. 1808-இல் அதைத் தஞ்சைப் பெரிய கோயிலில் மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து சுவரில் மோதிச் சிதைந்துவிட்டது. மனிதர் கூடாரத்தை மூடிக்கொண்டு வாரக்கணக்கில் தட்டிக் கொட்டிச் சரிசெய்து மறுபடியும் கிளம்பினார். இருநூறு வருஷம் கழித்து என்னை வாங்கி வரச் சொன்ன சாமான் நூற்றைம்பது கிராம். லாம்டனுக்குக் கும்பினி கஜானா இருந்தது. எனக்கு அலுவலகக் கணக்காளரின் முறைப்பு இருந்தது.

மலிவான கருவி என்ற பேச்சே அப்போதுதான் பிறந்திருந்தது. அமெரிக்க ராணுவத்தின் இருபத்துநாலு செயற்கைக்கோள்கள் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் ஏற்கெனவே சுற்றிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் பொதுஜனத்துக்கு வருகிற சிக்னலை வேண்டுமென்றே கலக்கி விட்டிருந்தார்கள். நூறு மீட்டர் வரை பிசகும். நூறு மீட்டர் பிசகினால் எங்கள் பக்கம் ஒரு மடை, பக்கத்து ஊர் எல்லைக்குள் போய் உட்கார்ந்து வெட்டுக்குத்தைக் கிளப்பிவிடும். கிளிண்டன் உத்தரவுப்படி 2000 மே மாதத் தொடக்கத்தில் அந்தக் கலக்கலை நிறுத்தினார்கள். ஒரே ராத்திரியில் உலகத்தில் இருந்த எல்லாப் பெட்டிகளும் பத்து மடங்கு புத்திசாலி ஆயின. வைத்திருந்தவர்கள் யாரும் ஒரு பைசா கூடுதலாகக் கொடுக்கவில்லை. அப்படி ஒரு தள்ளுபடியை நான் ஆடி மாதத்தில்கூடப் பார்த்ததில்லை.

மதுரையில் விசாரித்தால் "ஜிபிஎஸ்ஸா? அது என்ன பாங்க் பேரா?" என்றார்கள். தூத்துக்குடியில் படகுச் சாமான் விற்கிற கடை ஒன்றில் கண்ணாடிக்குள் வரிசையாக வைத்திருந்தார்கள். நிலத்தில் இருக்கிறவனுக்கு முன்னால் கடலில் இருக்கிறவனுக்குத்தான் அது தேவைப்பட்டிருக்கிறது. கடலில் ஏது வேப்பமரம்?

கடைக்கார அண்ணாச்சி எனக்குப் பாடமே எடுத்தார். கார்மின் 76 வாங்கினால் தண்ணீரில் விழுந்தாலும் மிதக்கும், எழுத்து பெரிசு, ஈரக்கையோடு அமுக்கலாம், ஆனால் விலை கூட. மெகல்லன் என்று இன்னொரு கம்பெனி. அதற்கு உதிரிச் சாமான் சென்னைக்கு எழுதிப்போட்டு வாங்க வேண்டும். மூன்றாவது, ஈட்ரெக்ஸ் என்ற மஞ்சள் பெட்டி. மிதக்காது. வரைபடம் கிடையாது. உள்ளங்கையில் அடங்கும். டிரான்சிஸ்டருக்குப் போடுகிற பென்சில் பேட்டரி இரண்டு போதும். "உங்க கண்மாய்ல எங்க தண்ணி இருக்கு, மிதக்குறதுக்கு? இதையே கொண்டு போங்க" என்றார். பத்தாயிரத்துக்குக் கொஞ்சம் மேலே. அன்றைக்கு இரண்டு பவுனுக்கு மேல் தேறும் பணம்.

அதே கடையில் பேட்டரி வாங்க வந்த மீனவர் ஒருவர் தன் பெட்டியை இடுப்புத் துண்டிலிருந்து எடுத்துக் காட்டினார். உப்புப் பூத்து, பொத்தான்களின் நிறம் போயிருந்தது. உள்ளே வரிசையாக எண்கள்: கடலுக்கடியில் பாறைத் திட்டு இருக்கிற இடங்கள். மன்னார் வளைகுடாவில் அவற்றைப் பார் என்பார்கள். மீன் அங்கேதான் அடையும். ஒரு பாரைக் கண்டுபிடித்தவன் அண்ணன் தம்பிக்குக்கூடச் சொல்ல மாட்டான். "இதுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். வேற யாருக்கும் தெரியாது. இது வாயைத் தொறக்காதுண்ணே" என்றார். இதைத்தான் அந்தக் கருவியின் முதல் குணமாக அவர் சொன்னார், துல்லியத்தை அல்ல. 1974, 1976 ஒப்பந்தங்களில் கடல் நடுவே போட்ட கோட்டைப் பார்க்கத்தான் மீனவர்கள் ஜிபிஎஸ் வைத்திருக்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கும்தான். ஆனால் "மீன், வலை, ஜிபிஎஸ் கருவியைப் பறித்துச் சென்றனர்" என்று இன்றைக்கும் பத்திரிகையில் வரும் செய்தியைப் படிக்கும்போதெல்லாம், அந்தப் பெட்டியோடு எத்தனை பார் போயிற்றோ என்றுதான் முதலில் தோன்றுகிறது.

வாங்கி வந்த பிறகுதான் மலிவின் கணக்கு புரிந்தது. கம்ப்யூட்டரில் சேர்க்கிற வயர் தனி விலை. வயர் இல்லாவிட்டால் பெட்டியில் இருப்பதை நோட்டில் எழுதி, நோட்டில் இருப்பதைத் தட்டச்சு செய்ய வேண்டும். பேட்டரி மாதச் செலவு. ஒவ்வொரு இடத்துக்கும் பெயர் வைக்கலாம், ஆறு எழுத்துக்குள். அதுவும் ஆங்கிலத்தில், மேல் பொத்தானையும் கீழ்ப் பொத்தானையும் அமுக்கி அமுக்கி ஒவ்வொரு எழுத்தாகத் தேட வேண்டும். ஆனைக்குட்டமே அதற்குள் அடங்காதபோது "ஆனைக்குட்டம் பெரிய கண்மாய் வடக்கு மடை" எங்கே அடங்கும்? கடைசியில் எல்லா மடைகளுக்கும் கைதி மாதிரி எண் போட்டேன்.

திசை காட்டுவது இன்னும் வேடிக்கை. விலை கூடின மாடலில் திசைகாட்டி தனியாக உண்டு. இதில் இல்லை. நின்றால் அம்புக்குறி கிறுக்குப் பிடித்து எங்கெங்கோ திரும்பும். நடந்தால்தான், சற்றுமுன் இருந்த இடத்துக்கும் இப்போது இருக்கிற இடத்துக்கும் கணக்குப் போட்டு, "நீ வடக்கே போகிறாய்" என்று சொல்லும். "வடக்க எதுன்னு தெரிய வடக்க நடக்கணுமா?" என்று கேட்டாள் பெரியம்மா. பதில் இல்லை.

பெட்டியின் அளவும் அலுவலகத்தின் வரைபடமும் ஒத்துப்போகவில்லை. பழைய டோப்போ ஷீட்டில் புள்ளி வைத்தால் மடை, கரையை விட்டுத் தண்ணீருக்குள் நின்றது. காரணம் லாம்டன் காலத்துச் சங்கதி. அவருக்குப் பின் வந்த ஜார்ஜ் எவரெஸ்டின் பெயரால் அழைக்கப்படும் பூமி உருண்டைக் கணக்கின்மேல் அந்த ஷீட்டுகளைப் போட்டிருந்தார்கள். செயற்கைக்கோளின் கணக்கு வேறு. இரண்டுக்கும் நடுவே எங்கள் பக்கம் நூறு மீட்டருக்கு மேல் இடைவெளி. மெனுவைத் துழாவினால் "இந்தியன் - பங்களாதேஷ்" என்று ஒரு தேர்வு இருந்தது. அதை அமுக்கியதும் ஆனைக்குட்டம் மடை கரைக்கு வந்து சேர்ந்தது. வேட்டி கட்டின விவசாயிகள் நான்கு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, உங்கள் கண்மாய் சரியான இடத்தில் இருக்க வேண்டுமானால் பங்களாதேஷ் வழியாகத்தான் போக வேண்டும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அலுவலகத்தில் தட்டச்சு செய்த பையன் இன்னொரு விதமாக உதவினான். 9 பாகை 30 நிமிடம் 50 விநாடி என்று நான் எழுதிக் கொடுத்ததை அவன் 9.3050 என்று அடித்தான். பாகைக்கு அறுபது நிமிடம், நிமிடத்துக்கு அறுபது விநாடி என்ற கணக்கைத் தசமத்தில் போட்டால் அது 9.5139. வித்தியாசம் இருபத்துமூன்று கிலோமீட்டர். ஊர்க் கண்மாய் ஒன்று சாத்தூரையும் தாண்டிப் போய் உட்கார்ந்தது. அறிக்கையை வாங்கிப் பார்த்த அதிகாரி எவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன். ஆறு இலக்கத்தில் எழுதினால் யாரும் மறுத்துப் பேசுவதில்லை.

ஊரில் பெட்டி பிரபலமானது கண்மாயால் அல்ல, பங்காளிச் சண்டையால். அண்ணன் தம்பி இருவருக்கு வரப்பில் ஒரு சென்ட் தகராறு. தலையாரி வந்து பார்த்தாயிற்று. சர்வேயர் வந்து புலப்படத்தை விரித்து, கல்லைத் தேடி, சங்கிலி போட்டாயிற்று. "சாட்டிலைட்டே சொல்லிரும்ல" என்று என்னை இழுத்துக்கொண்டு போனார்கள். அன்றைக்குப் பெட்டி தன் பிசகு ஐந்து மீட்டர் என்று காட்டியது. ஐந்து மீட்டர் ஆரத்தில் வட்டம் போட்டால் அதுவே கிட்டத்தட்ட இரண்டு சென்ட். தகராறு நடக்கிற நிலத்தை விடத் தீர்ப்பின் கட்டைவிரல் பெரிது. அதை விளக்கியபோது அண்ணனும் தம்பியும் அன்று முதன்முறையாக ஒத்துப்போனார்கள்: என் பெட்டி உபயோகமில்லை என்பதில்.

கண்மாய்க்கு உண்மையில் வேண்டியது உயரம். மடை எத்தனை அங்குலம் மேலே, கலுங்கு எத்தனை அங்குலம் கீழே என்பதில்தான் ஓர் ஊரின் நெல் இருக்கிறது. பெட்டி உயரமும் சொல்லும், பத்துப் பதினைந்து மீட்டர் முன்னே பின்னே. அதை நம்பித் தண்ணீர் விட்டால் தண்ணீர் மேட்டில் ஏறும். ஆகவே கடைசிவரை உயரத்தைப் பார்த்தது கொத்தனார் ஒருவரின் டியூப்தான். கண்ணாடி மாதிரித் தெரிகிற பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் ஊற்றி, இரண்டு முனையிலும் இரண்டு பேர் பிடித்துக்கொண்டு, "நின்னுருச்சா? நின்னுருச்சா?" என்று கத்திக்கொண்டே நடப்பார்கள். பிசகே கிடையாது. அன்றைக்கு விலை மீட்டருக்கு நாலைந்து ரூபாய்.

பெட்டியைப் பற்றி ஊருக்கு ஒரு பயமும் இருந்தது. திருத்தங்கல் போகிற வழியில் பட்டாசு ஆலை ஒன்றின் வேலியோரமாக வரத்துக்கால் ஓடும். அங்கே நின்று புள்ளி எடுத்துக்கொண்டிருந்தேன். பொத்தானை அமுக்கினால் 'பீப்' என்று ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டு வாட்ச்மேன் பெரியவர் ஓடி வந்தார். அவர் கையில் ஒரு மரப்பெட்டி; வேலைக்கு வருகிறவர்களிடம் வாங்கி வைக்கிற தீப்பெட்டி, பீடி, சாவிக்கொத்து எல்லாம் அதில் கிடந்தது.

"என்ன தம்பி அது, சத்தம் குடுக்குது? எங்கிட்டு அனுப்புது?"

"எங்கிட்டும் அனுப்பலைய்யா. மேல இருந்து வர்றதைக் கேக்கும், அவ்வளவுதான்."

"மேலன்னா?"

"சாட்டிலைட்டு. அமெரிக்காக்காரனோடது."

அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். பெட்டி மரப்பெட்டிக்குள் போயிற்று. ஃபோர்மேன் வந்து, முதலாளிக்கு ஆள் அனுப்பி, நான் யார் வீட்டுப் பையன் என்பது நிலைநாட்டப்பட்ட பிறகுதான் திரும்ப வந்தது. என்னை அடையாளம் காட்டியது அட்சரேகையும் தீர்க்கரேகையும் இல்லை. "நம்ம மேலத்தெரு தபால்காரர் பேரன்" என்ற நாலு சொல். அறைக்கு அறை இவ்வளவு தூரம் என்று சட்டம் போட்டுத் தள்ளித் தள்ளிக் கட்டியிருக்கிற இடத்தில், தெரியாத சாமானை உள்ளே விடாத அந்தப் பெரியவர் சரியான ஆள் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

டீக்கடையில் எங்கள் சித்தப்பா ஒரு வழக்காடு மன்றமே நடத்தினார். நான் எங்கெங்கே போகிறேன் என்பது வாஷிங்டனில் ஒருத்தன் நோட்டில் ஏறிக்கொண்டிருக்கிறது என்பது அவர் கட்சி. நான் பொறுமையாகச் சொன்னேன். "இது ரேடியோப் பொட்டி மாதிரி சித்தப்பா. திருநெல்வேலி நிலையம் பேசுறது நமக்குக் கேக்கும். நாம பேசுறது அவங்களுக்குக் கேக்குமா? நாலு சாட்டிலைட்டு மணி சொல்லும். எந்த மணி எவ்வளவு தாமதமா வருதுன்னு வச்சு இதுவே கணக்குப் போட்டுக்கும். நான் இங்க நிக்கிறது அந்தச் சாட்டிலைட்டுக்கே தெரியாது."

சித்தப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். "சும்மா கேட்டுக்கிட்டு மட்டும் இருக்கிற சாமானுக்கா ரெண்டு பவுன் குடுத்தீக?" என்றார்.

நடுவே ஓடிய வருஷங்களை வேகமாகத் தாண்டிவிடலாம். 2007-இல் நோக்கியா என்95 போனுக்குள்ளேயே ஜிபிஎஸ் வந்தது. அதை வாங்குகிற ஆள் எங்கள் பக்கம் இல்லை. 2010 ஜனவரியில் நோக்கியா தன் வரைபடத்தையும் வழிசொல்லியையும் இலவசமாக்கியது. வழிசொல்லும் பெட்டி விற்றுப் பிழைத்தவர்கள் வயிற்றில் புளி கரைந்தது. அப்புறம் ஆண்ட்ராய்டு. அப்புறம் ஜியோ. கார்கிலில் பட்ட பாட்டில் பிறந்தது என்று சொல்லப்படும் நம் சொந்த ஏற்பாட்டுக்கு 2016-இல் நாவிக் என்று பெயர் சூட்டினார்கள். 2020 முதல் சில போன்களில் அதுவும் கேட்கிறது. ஆனைக்குட்டத்தில் ஆடு மேய்க்கிறவர் இடுப்பிலும் இன்று நாலு நாட்டுச் செயற்கைக்கோள்களைக் கேட்கிற காது இருக்கிறது. லாம்டன் கண்டால் கண்ணீர் விடுவார்.

காது மட்டும் இருந்தால் பரவாயில்லை. இப்போதைய பெட்டிக்கு வாய் முளைத்திருக்கிறது.

முன்னே கருவியிடம் நாங்கள் கேட்டோம், எங்கே நிற்கிறோம் என்று. இப்போது எங்கே நிற்கிறோம் என்று கருவி வழியாக ஊருக்கெல்லாம் நிரூபித்துக்கொண்டிருக்கிறோம். எந்தக் கண்மாயில் நான் மடைக்கு எண் போட்டேனோ, அதே கண்மாயில் நூறு நாள் வேலை நடக்கும்போது ஒருநாள் பார்க்கப் போனேன். பணித்தளப் பொறுப்பாளர் ஒரு பெண், கையில் போன். வேலைக்கு வந்தவர்களை வரிசையாக நிறுத்திக் காலையில் ஒரு படம், பிற்பகலில் ஒரு படம், இடக் குறிப்போடு ஏற்ற வேண்டியிருந்தது. 2023 ஜனவரியில் நாடு முழுக்க இது கட்டாயமாகியிருந்தது. வெட்டின மண்ணுக்கு முன்னால் வெட்டினவள் அங்கே இருந்தாள் என்பதற்குச் சான்று வேண்டும். படம் ஏறவில்லை. பொறுப்பாளர் கரையில் ஏறிக் கிழக்கே பத்தடி நடந்தாள், மேற்கே பத்தடி நடந்தாள், போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தாள். வரிசை அசையாமல் நின்றது. "அக்கா, சாட்டிலைட்டுக்கு நாங்க தெரியுறமா?" என்று கேட்டாள் வரிசையிலிருந்த ஒருத்தி. சாட்டிலைட் அன்றைக்கும் நன்றாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. தகராறு டவரோடு.

வீடு கட்டும் திட்டத்தில் அஸ்திவாரத்துக்கு ஒரு படம், நிலைக்கு ஒரு படம், கூரைக்கு ஒரு படம். மகளிர் குழுக் கடன் கொடுக்க வருகிற பையன் வாசலில் நிற்கவைத்து எடுக்கிற படத்தின் அடியில் கறுப்புப் பட்டை. அதில் ஊர், தேதி, ஆறு இலக்கத்தில் அட்சரேகை. அந்தக் கறுப்புப் பட்டையைப் போடுவதற்கென்றே இலவசச் செயலி இருக்கிறது. நான் இரண்டு பவுன் கொடுத்து, வயர் இல்லாமல் நோட்டில் எழுதி, பங்களாதேஷ் வழியாகப் போய்ப் பெற்ற எண்கள் இப்போது முருங்கைக்காய் விளைச்சலைக் காட்டுகிற படத்தின் அடியில் சும்மா கிடக்கின்றன. யாரும் படிப்பதில்லை. இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள்.

சிவகாசியில் அச்சாகிற கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் முன்பெல்லாம் ஒரு வழிப்படம் இருக்கும். மண்டபம், பஸ் ஸ்டாண்டு, ரயில்வே கேட், பக்கத்தில் ஒரு கோயில். அளவு எதுவும் சரியாக இருக்காது; மண்டபம் மட்டும் பஸ் ஸ்டாண்டை விடப் பெரிதாக இருக்கும். இப்போது அந்த இடத்தில் கட்டம் கட்டமாக ஒரு கறுப்புச் சதுரம். அதைப் போனில் காட்டினால் போன் கூட்டிப்போகும். தாம்பூலப் பையோடு திரும்பி வருகிறவரிடம் மண்டபம் எந்தத் தெருவில் இருந்தது என்று கேட்டுப் பாருங்கள்.

சித்தப்பாவுக்கு இப்போது எண்பதை ஒட்டி வயது. மகன் சிங்கப்பூரில். அப்பா வாக்கிங் போகிற பாதையை அங்கிருந்தே பார்க்க ஏற்பாடு செய்திருக்கிறான். சித்தப்பா டீக்கடையில் கூடுதலாக ஒரு கால்மணி நேரம் உட்கார்ந்தால் சிங்கப்பூரிலிருந்து போன் வருகிறது: "என்னப்பா, இன்னும் கெளம்பலையா?" சித்தப்பாவுக்கு அதில் பெருமை பிடிபடவில்லை. "பாத்துக்கிட்டே இருக்கான் பய!" என்று பக்கத்திலிருப்பவரிடம் போனைத் திருப்பிக் காட்டுகிறார். வாஷிங்டன் நோட்டை நான் ஞாபகப்படுத்தவில்லை. வயதானவரிடம் ஜெயிப்பதில் என்ன இருக்கிறது.

என் மஞ்சள் பெட்டி? திட்டம் முடிந்ததும் அலுவலகம் அதைக் கழிவுக் கணக்கில் எழுதி எனக்கே கொடுத்துவிட்டது. போன வருஷம் பரணிலிருந்து எடுத்துப் பேட்டரி போட்டு முற்றத்தில் வைத்தேன். ரொம்ப நேரம் வானத்தைத் துழாவிவிட்டு இடத்தைச் சரியாகச் சொன்னது. தேதியில்தான் வினை: கிட்டத்தட்ட இருபது வருஷம் பின்னால் காட்டியது. ஜிபிஎஸ் சிக்னலில் வாரத்தை எண்ணுகிற எண் 1,024 வாரத்துக்கு ஒருமுறை, அதாவது பத்தொன்பதரை ஆண்டு கழிந்ததும், மறுபடி பூஜ்யத்துக்குத் திரும்பும். கடைசியாகத் திரும்பியது 2019 ஏப்ரலில். பழைய பெட்டிகள் சிலவற்றுக்கு அது தெரியாது. என்னுடையது இன்னும் கண்மாய்க் கணக்கெடுப்புக் காலத்திலேயே, சொன்ன வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

இதை அண்ணன் மகன் பார்த்துவிட்டான். சதுரகிரிக்குப் போகிற கோஷ்டியில் சேர்ந்திருக்கிறான். மலையில் சிக்னல் இருக்காது, கையடக்க ஜிபிஎஸ் ஒன்று மலிவாக எது வாங்கலாம் என்று கேட்டான். தாணிப்பாறையிலிருந்து அமாவாசைக்கு ஏறுகிற கூட்டத்தில் வழிதவற வேண்டும் என்று நினைத்தாலும் முடியாது. இருந்தாலும் கேட்டுவிட்டான். என் வாழ்க்கையில் இரண்டாவது முறையாக அதே கேள்வி.

கடை கடையாக ஏறாமல் உட்கார்ந்த இடத்திலேயே விசாரித்தேன். ஈட்ரெக்ஸ் இன்னும் விற்கிறார்கள். 2023-இல் வந்த ஒரு மாடல் இரண்டு பென்சில் பேட்டரியில் 168 மணி நேரம் ஓடும் என்கிறது கம்பெனி, ஏழு நாள். வெயிலிலும் திரை தெரியும், கீழே விழுந்தாலும் ஒன்றும் ஆகாது, தானாக யாரிடமும் எதுவும் சொல்லாது. விலையைப் பார்த்தால் அந்தப் பணத்துக்கு ஆயிரம் வேலை செய்கிற போனே வாங்கிவிடலாம். அதாவது வாயை மூடிக்கொண்டிருக்கிற பெட்டிதான் இப்போது ஆடம்பரச் சாமான். இதற்கு நேர் எதிராக, செயற்கைக்கோளுக்கே சேதி அனுப்புகிற பெட்டிகளும் வெளிநாட்டில் விற்கின்றன. தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாமல் அதை இங்கே வைத்திருந்தால் போலீஸ் பிடிக்கும். விமான நிலையத்தில் மாட்டிக்கொண்ட வெள்ளைக்காரர்கள் உண்டு. காதுக்கும் வாய்க்கும் உள்ள வித்தியாசம் சர்க்காருக்கும் அந்த வாட்ச்மேன் பெரியவருக்கும் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

கடைசியில் நான் சொன்ன யோசனை செலவே இல்லாதது. அவனிடம் மூலையில் கண்ணாடி உடைந்த பழைய போன் ஒன்று சும்மா கிடக்கிறது. சிம்மைக் கழற்று. ஓபன்ஸ்ட்ரீட்மேப்பை வைத்து ஓடுகிற ஆர்கானிக் மேப்ஸ் மாதிரி ஒன்றைப் போட்டு, வீட்டில் இருக்கும்போதே தமிழ்நாட்டு வரைபடத்தை இறக்கிக்கொள். ஃப்ளைட் மோடில் போட்டாலும் ஜிபிஎஸ் கேட்கும். அதற்கு டவர் தேவையில்லை. முதல்முறை இடம் பிடிக்க நேரமாகும், அவசரப்பட்டு அணைத்துவிடாதே. உயரம் காட்டுவதை மட்டும் நம்பாதே: இலங்கைக்குத் தெற்கே பூமியின் ஈர்ப்புக் குறைந்து கடல் மட்டமே நூறு மீட்டருக்கு மேல் தாழ்ந்து கிடக்கிறது. அந்தத் தாழ்வு நம் பக்கம் வரைக்கும் நீள்வதால், திருத்தம் போடாத செயலிகள் உயரத்தை ஏறக்குறைய தொண்ணூறு மீட்டர் குறைத்துக் காட்டும். கையில் ஒரு பவர்பேங்க். முடிந்தது. இரண்டு பவுன் மிச்சம்.

பையன் தலையாட்டினான். வாசலில் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அண்ணி தலையாட்டவில்லை.

"அந்தப் போன்ல பேச முடியுமா தம்பி?"

"முடியாது அண்ணி. சிம் இல்லேல்ல. அவன் எங்க இருக்கான்னு அவனுக்குத் தெரியும்."

"அவனுக்குத் தெரிஞ்சு என்ன செய்ய? எனக்குல்ல தெரியணும்."

நான் சொன்ன யோசனை அத்தோடு தள்ளுபடி. பையன் இருக்கிற போனையே சிம்மோடு கொண்டு போவது, தாணிப்பாறையில் சிக்னல் இருக்கும்வரை அவன் இருக்குமிடம் அண்ணிக்குத் தெரிந்துகொண்டே இருப்பது, மேலே போனபின் இறங்கி வந்ததும் முதல் வேலையாகக் கூப்பிடுவது என்று முடிவானது. அண்ணிக்குப் போனில் அதைப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தது நான்தான். நீலப் புள்ளியைத் தொட்டுக் காட்டினேன். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு உற்றுப் பார்த்துவிட்டு, "சரி, இதுல மேக்க எது?" என்று கேட்டாள்.